பள்ளிக்கூடம் திறக்குமுன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை
(தூத்துக்குடிக் கரையோரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு)

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறக்கும் முதல் வாரத்தில், வேம்பார் முதல் பெரியதாழை வரையுள்ள எந்தக் கடற்கரை ஊரிலும் ஒரு காட்சியைக் காணலாம். ஐந்து வயதுக் குழந்தை பள்ளிக்கூட வாயிலில் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு அலறுகிறது. தாய் முதலில் தேற்றுகிறாள், பிறகு வைகிறாள், இறுதியில் தானும் கண் கலங்கித் திரும்புகிறாள். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில நாட்களில் அழுகை ஓய்ந்துவிடும். சில குழந்தைகளுக்கோ ஓய்வதில்லை. வயிற்றுவலி என்றும் தலைவலி என்றும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே நின்றுவிடுகின்றன. நின்ற நாட்களில் நடந்த பாடம் தெரியாமையால் மறுநாள் போவதற்கு இன்னும் அதிகமாக அஞ்சுகின்றன. ஆண்டு முடிவில், “இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை” என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். குற்றம் பிள்ளையின் அறிவில் இல்லை. யாதோர் ஆயத்தமுமின்றி அதனை அனுப்பியதில் இருக்கிறது.

ஆயத்தம் என்றவுடன் சட்டை, பை, காலணி ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. வேறு சிலர், பள்ளிக்கூடம் போகுமுன்பே உயிரெழுத்து, மெய்யெழுத்து, ஆங்கில எழுத்து எல்லாவற்றையும் புகட்டிவிட வேண்டுமென்று குழந்தையை வருத்துகிறார்கள். எழுத்தைக் கற்பிப்பது உபாத்தியாயரின் வேலை. அதற்கென்றே அவர் பயின்றவர். வீட்டில் செய்ய வேண்டிய வேலை வேறு. உரிய நேரத்தில் உறங்கி விழிக்கும் பழக்கம், வயிற்றில் காலை ஆகாரம், தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளும் திறமை, உபாத்தியாயரையும் புது இடத்தையும் கண்டு அஞ்சாத மனம், ஜூன் மாதச் செலவுக்காக வட்டிக்குக் கடன் வாங்காத குடும்பம் ஆகிய இவ்வைந்துமே மெய்யான ஆயத்தமாகும். இவை ஒரே நாளில் வருவனவல்ல. ஏறக்குறைய இரண்டு மாதம் வேண்டும். அந்த இரண்டு மாதமும் நமது கரைக்குத் தானாகவே வாய்த்திருக்கிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வி இக்கரைக்குப் புதிதன்று

“கடலில் போகிறவனுக்கு ஏட்டுப் படிப்பு எதற்கு?” என்ற கேள்வி இன்னும் சில வீடுகளில் கேட்கிறது. இக்கேள்வி நமது கரையின் சரித்திரத்திற்கே பொருந்தாதது. 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் முதலில் நாடியது சிறுவர்களையே. அவர்களைக் கூட்டி ஜெபங்களைத் தமிழில் கற்பித்து, கற்றவற்றை வீட்டிலுள்ள பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பினார். அண்டிரிக் அடிகளார் எழுதிய ‘அடியார் வரலாறு’ என்னும் தமிழ் நூல் 1586-இல் புன்னைக்காயலில் அச்சிடப்பட்டது. இந்தியாவின் பெரும்பகுதி அச்சுப் புத்தகத்தைக் கண்ணால் காணாத காலத்தில், இம்மீன்பிடி ஊரில் தமிழ் எழுத்து அச்சேறியது. காயல்பட்டினத்து மரைக்காயர்களோ கடல் வாணிகத்தோடு அரபுத் தமிழ்ப் புலமையையும் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்கள்.

இப்பொழுது கல்வியின் தேவை முன்னிலும் பெரிது. அரசாங்கத்தார் நடத்திவந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. குளியாட்களின் மக்கள் சங்கு குளிக்கப் போனார்கள், விசைப்படகில் ஏறினார்கள், 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை தேடினார்கள். தகப்பன் தொழில் மகனுக்கு அப்படியே கிடைக்கும் என்ற உறுதி அன்றே போயிற்று. கடலிலேயே இருப்பவனுக்கும் திசை காட்டும் கருவி, வானிலை எச்சரிக்கை, இயந்திரம், வங்கிக் கணக்கு, காப்புறுதிப் பத்திரம் ஆகிய எல்லாம் எழுத்தோடு சம்பந்தப்பட்டவை. வாசிக்கத் தெரியாமல் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவன் பட்ட துன்பத்தை, சங்க அங்கத்தினர்களுக்கு நாம் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

உரிய வயது

பிறப்புப் பதிவு பரவாத காலத்தில், குழந்தையின் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லுவார்கள். விரல் காதை எட்டினால் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கை குறுகியது. வயது ஏற ஏறக் கை நீண்டு காதை எட்டும். இது அறிவுள்ள ஏற்பாடே. ஆயினும் அது தேகத்தின் வளர்ச்சியை அளந்ததேயன்றி மனத்தின் பக்குவத்தை அளக்கவில்லை. அதனை அளக்க வல்லவர்கள் பெற்றோர்களே.

தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்கிறார்கள். அதற்கு முந்தின வயதுக்கென அங்கன்வாடிகள் உள்ளன. இவை 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் ஏற்பட்டவை. பலர் அங்கன்வாடியைச் சத்துமாவும் முட்டையும் கிடைக்கும் இடமென்று மட்டும் எண்ணுகிறார்கள். அங்கே தாயை விட்டுச் சில மணி நேரம் இருக்கவும், பிற குழந்தைகளோடு சேர்ந்து உட்காரவும், முறை வரும் வரை காத்திருக்கவும் பழகிய பிள்ளைக்கு முதல் வகுப்பின் முதல் நாள் பாதி எளிதாகிவிடுகிறது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டப்படி, வயதுச் சான்று கையில் இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தையையும் சேர்க்க மறுக்கக் கூடாது. பத்திரம் கிடைக்கவில்லையென்று ஓராண்டை வீணாக்குதல் தவறு.

இரண்டு மாத ஓய்வைப் பயன்படுத்துதல்

மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிறுத்தப்படுகின்றன. 2001 முதல் 45 நாட்களாக இருந்த இத்தடைக்காலம், 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாட்களாயிற்று. பள்ளிக்கூட விடுமுறையும் ஏறக்குறைய இதே காலத்தில் வருகிறது.

மற்ற மாதங்களில் விசைப்படகுத் தொழிலாளியின் நிலைமை என்ன? விடியுமுன் அவர் புறப்படும்பொழுது குழந்தை உறங்குகிறது. இரவில் மீனை ஏலம் விட்டு வீடு திரும்பும்பொழுதும் குழந்தை உறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை தவிரப் பிள்ளையின் முகத்தை வெளிச்சத்தில் காணாத தகப்பன்மார் அநேகர். தடைக்காலத்திலோ அவர் கரையில் இருக்கிறார். வலை பழுதுபார்த்தல், படகுக்கு வர்ணம் பூசுதல், இயந்திரத்தைச் சீர்செய்தல் ஆகிய வேலைகளுக்கு இக்காலத்தை ஒதுக்குவதுபோல, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்குச் சீர்செய்யவும் ஒதுக்க வேண்டும். ஓட்டையுள்ள வலையை எவரும் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. நாட்டுப்படகுக்காரர்களுக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கும் இவ்வோய்வு இல்லை. பதநீர்க் காலத்தில் விளைகளிலேயே குடியிருக்கும் பனைத் தொழிலாளர்களுக்கும் அவ்வாறே. எனவே இவ்வீடுகளில் பாட்டன், பாட்டி, மூத்த பிள்ளைகள் ஆகியோர் கூடியிருந்து வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

உறக்கம்

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் பத்து மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும். கோடையில் காற்றுக்காக முற்றத்திலும் மணலிலும் படுத்துப் பேசிக்கொண்டிருந்து, பதினொரு மணிக்கு உறங்கி, வெயில் ஏறிய பிறகு எழுவது நமது ஊர்ப் பிள்ளைகளுக்கு வழக்கம். படகு திரும்பும் வரை தாயோடு விழித்திருப்பதும் உண்டு. இப்பிள்ளையை ஜூன் மாதத்தில் திடீரென்று காலை ஆறு மணிக்கு உலுக்கி எழுப்பினால் அது அழாமல் என்ன செய்யும்? வகுப்பில் உபாத்தியாயர் சொல்வது காதில் விழுந்தாலும் மனத்தில் பதியாது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு மூன்று வாரத்திற்கு முன்னிருந்தே, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை உறங்கும் நேரத்தைக் கால் மணி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். எழுப்பும் நேரத்தையும் அவ்வாறே செய்ய வேண்டும். இரவு எட்டரை மணிக்குள் விளக்கைத் தணித்து, கதை ஒன்று சொல்லிப் படுக்கவைப்பது நலம். கைபேசியைக் கையில் கொடுத்து உறங்கவைப்பது உறக்கத்தைக் கொடுப்பதன்று, கெடுப்பது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் திரையின் முன் ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் உட்காரலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் அறிவித்திருக்கிறது.

காலை ஆகாரம்

பசிக்கும் படிப்புக்கும் உள்ள பகையை நமது ஜில்லாவே நாட்டுக்கு எடுத்துக்காட்டியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் திட்டத்தைக் காமராஜர் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். உணவு கிடைத்த பிறகு பள்ளிக்கூடத்திற்கு வரும் பிள்ளைகளின் தொகை பெருகிற்று. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. அப்பொழுதும் ஒரு குறை நின்றது: மத்தியானச் சாப்பாடு வரும் வரை, காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை மூன்று மணி நேரம் பாடத்தில் உட்கார்ந்திருந்தது. அக்குறையைத் தீர்க்கக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது.

இவ்வசதி உள்ள பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பாடவேளைக்குச் சற்று முன்னதாகவே அனுப்பினால்தான் உணவு கிடைக்கும் என்பதைத் தாய்மார்கள் மறக்கலாகாது. உப்பளத்திற்கு விடியுமுன் செல்லும் தாய்மார்கள் இதனை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். தாய் போன பிறகு பிள்ளையை எழுப்பி அனுப்புபவர் யார் என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அவ்வேலை மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. அதனால் அவளுடைய படிப்பு நின்றுபோகுமாயின், ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க மற்றொரு பிள்ளையின் படிப்பைப் பறித்ததாகும்.

வீட்டில் உண்பதாயின், தேநீரும் ரொட்டியும் ஆகாரமாகாது. தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்து தேகத்தில் சேருவதையும் தடுக்கிறது. கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், புட்டும் கருப்பட்டியும், இட்டிலி, பழைய சோறும் முந்தின நாள் மீன்குழம்பும் ஆகிய இவற்றில் எதுவாயினும் போதும். விலை குறைந்த சாளையும் நெத்தலியும் விலை உயர்ந்த டப்பா உணவுகளிலும் மேலானவை. பிடித்த மீனில் நல்லதையெல்லாம் விற்றுவிட்டு வீட்டுப் பிள்ளைக்குக் குழம்பை மட்டும் ஊற்றும் வழக்கத்தைத் தொழிலாளர் வீடுகளில் மாற்ற வேண்டும்.

தன் காரியத்தைத் தானே செய்தல்

ஓர் உபாத்தியாயர் முப்பது குழந்தைகளையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தாயைப்போல் பணிவிடை செய்ய அவரால் இயலாது. ஆகவே பின்வருவனவற்றைக் குழந்தை தானே செய்யும்படி விடுமுறையிலேயே பழக்க வேண்டும்:

1. சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டுதல். செருப்பை இடம் வலம் அறிந்து அணிதல்.

2. உணவுப் பாத்திரத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் தானே திறந்து மூடுதல், சிந்தாமல் உண்ணுதல்.

3. மலஜலம் கழிக்க வேண்டுமாயின் வாய்விட்டுச் சொல்லுதல். கழிப்பிடத்தைப் பயன்படுத்தித் தண்ணீர் ஊற்றிச் சோப்பினால் கை கழுவுதல். கடற்கரை வெளியையே நாடிப் பழகிய பிள்ளை, பள்ளிக்கூடக் கழிப்பிடத்தைக் கண்டு அஞ்சி நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருப்பதுண்டு. பள்ளிக்கூடம் போக மறுப்பதற்கு இதுவே காரணமாயிருந்து, வெட்கத்தால் குழந்தை அதைச் சொல்லாமலிருப்பதும் உண்டு.

4. தன் முழுப் பெயர், தாய் தந்தையர் பெயர், தெரு, ஊர் ஆகியவற்றைத் தெளிவாய்ச் சொல்லுதல். வீட்டில் “தம்பி”, “பாப்பா” என்றே அழைக்கப்பட்ட பிள்ளை, உபாத்தியாயர் பெயர் கூப்பிடும்பொழுது அது தன் பெயரென்றே அறியாமல் விழிக்கிறது.

5. தன் பொருள்களை ஓரிடத்தில் வைத்து, அவ்விடத்திலிருந்தே எடுத்தல்.

பொத்தான் மாட்டக் கால் மணி ஆனாலும் பொறுத்திருக்க வேண்டும். அவசரத்தில் நாமே மாட்டிவிட்டால் காரியம் முடியும், பழக்கம் வராது.

பேச்சு, எண், விரல்

எழுத்தைத் திணிக்க வேண்டாமென்றோமேயன்றி, அறிவை வளர்க்க வேண்டாமென்று சொல்லவில்லை. இதற்குக் காசு கொடுத்து வாங்கும் சாமான் ஒன்றும் தேவையில்லை. முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதியே எழுத்துக் கற்றார்கள். நமது பிள்ளைகளுக்கு வாசலெல்லாம் மணல். வட்டம், கோடு, வளைவு, படகு, மீன் என்று விருப்பம்போல் வரையட்டும். விரலில் வலுவேறுமுன் பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதச் சொன்னால் கை நோகும். எழுத்தின்மேல் வெறுப்பு உண்டாகும். வலைக்கயிற்றில் முடிச்சுப் போடுதல், சிப்பிகளை நூலில் கோத்தல், புளியங்கொட்டை பொறுக்குதல் ஆகியவை விரலுக்கு நல்ல அப்பியாசம். இடக்கையால் எழுத வரும் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயலலாகாது.

முத்து வாணிகர்கள் பல அளவுத் துளைகளுள்ள பித்தளைத் தட்டுகளில் முத்துக்களைச் சலித்து, அளவு பிரித்து, பிறகு வடிவமும் நிறமும் பார்த்துத் தரம் வகுத்தார்கள். கணிதத்தின் தொடக்கமும் அதுவே. சிறிது பெரிது, ஒத்தது ஒவ்வாதது என்று பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எண் எளிதில் வரும். சோழிகளையும் சிப்பிகளையும் கொடுத்து அளவு வாரியாகப் பிரிக்கச் சொல்லலாம். கூடையிலுள்ள மீனில் சாளை எத்தனை, பாறை எத்தனை, விளைமீன் எத்தனை என்று கேட்கலாம். தடைக்காலத்தில் வலை சீர்செய்யும் தகப்பன், பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்து இவ்வாறு பேசிக்கொண்டிருந்தாலே போதும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு காற்றையும் திசையோடு அறிந்த குழந்தை பூகோளப் பாடத்தில் முதற்படியை ஏறிவிட்டது. நாம் பேசும் கடற்கரைச் சொற்களை எண்ணி வெட்கப்பட வேண்டியதில்லை. வீட்டில் நிறையப் பேச்சைக் கேட்ட குழந்தையே ஏட்டிலுள்ள பேச்சையும் விரைவில் பிடித்துக்கொள்ளும்.

அச்சத்தை நீக்குதல்

“சேஷ்டை செய்தால் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவேன், வாத்தியார் தோலை உரித்துவிடுவார்” என்று பயமுறுத்துவது பல வீடுகளில் வழக்கம். பள்ளிக்கூடத்தைச் சிறைச்சாலையாக வருணித்துவிட்டு, பின்னர் அங்கே சிரித்த முகத்தோடு போகவில்லையென்று குழந்தையை அடிப்பது நியாயமா? கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளிக்கூடத்தில் குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச்செய்வதையும் விலக்கியிருக்கிறது. சட்டம் நீக்கிய பிரம்பை வீட்டார் வாயினால் மறுபடியும் தூக்குதல் கூடாது.

முத்துக்குளிப்புக் காலத்தில் குளியாள் கல்லைக் கட்டி ஆழத்தில் இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். மைத்துனனையே கயிறு பிடிக்க வைப்பது வழக்கமென்று கடற்கரையில் சொல்லுவார்கள். தன் உடன்பிறந்தாள் விதவையாவதை அவன் பொறுக்கமாட்டான் என்பது அதன் கருத்து. கயிறு அசைந்தவுடன் இழுக்கப்படுவோம் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் குளியாள் துணிந்து இறங்கினான். பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கும் அந்நம்பிக்கையே வேண்டும். வாயிலில் விட்டுச் செல்லும்பொழுது, “மணி அடித்ததும் இந்த வேப்பமரத்தடியில் நிற்பேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னபடி நிற்கவும் வேண்டும். குழந்தை வேறு பக்கம் பார்க்கும் சமயம் நழுவி ஓடுவதும், “கடைக்குப் போய் இதோ வந்துவிடுகிறேன்” என்று பொய் சொல்லுவதும் அந்தக் கயிற்றை அறுப்பதாகும். ஒரு முறை ஏமாந்த குழந்தை மறுநாள் முந்தானையை இன்னும் இறுகப் பிடிக்கும்.

விடுமுறையிலேயே இரண்டு மூன்று முறை பள்ளிக்கூடம் வரை நடத்திச்சென்று கட்டடம், கிணறு அல்லது குழாய், கழிப்பிடம், மைதானம் இவற்றைக் காட்ட வேண்டும். தாயை விட்டு அத்தை வீட்டிலோ பாட்டி வீட்டிலோ அரை நாள் இருக்கப் பழக்க வேண்டும். தகப்பன் கரையில் இருந்தால் முதல் நாள் அவரும் கூடவே போதல் சிறப்பு. அன்று மாலையில், “என்ன எழுதினாய்?” என்று பரீட்சை வைக்காமல், “யாரோடு விளையாடினாய்?” என்று கேட்பது நலம்.

தேக பரிசோதனை

குழந்தை மந்தமாயிருப்பதாய் எண்ணுவதற்குமுன் அதற்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தொலைவிலுள்ள படகின் நிறத்தைச் சொல்ல இயலாத பிள்ளை கரும்பலகையையும் காணாது. பின்னாலிருந்து மெல்ல அழைத்தால் திரும்பாத பிள்ளையை வைத்தியரிடம் காட்ட வேண்டும். காதில் சீழ் வடிவதை “கடல் தண்ணீர் பட்டது” என்று விட்டுவிடலாகாது. ஐந்து வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் போட வேண்டிய தடுப்பூசி ஒன்று உண்டு. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி ஆகிய மூன்றையும் தடுக்கும் இதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பூச்சி மருந்து கொடுப்பதையும், தலையில் பேன், தோலில் சிரங்கு இல்லாமல் பார்ப்பதையும் விடுமுறையில் முடித்துவிட வேண்டும். இவற்றால் பிள்ளைக்கு நேரும் துன்பத்தோடு மற்றப் பிள்ளைகளின் ஏளனமும் சேர்ந்து அதனைப் பள்ளிக்கூடத்தினின்று விரட்டும்.

ஜூன் மாதச் செலவு

இதுவரை சொன்னவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. ஆயினும் ஜூன் மாதத்தில் பணம் வேண்டும். நமக்கோ அது கை வறண்ட மாதம். இரண்டு மாதம் படகு போகாமல் கையிருப்புக் கரைந்த வேளையில் பள்ளிக்கூடச் செலவு வந்து நிற்கிறது. அரசுப் பள்ளிக்கூடங்களில் பாடப் புத்தகம், நோட்டு, சீருடை ஆகியவை இலவசமாய்க் கிடைப்பதால் சுமை குறைவு. வேறு பள்ளிக்கூடங்களை நாடுவோருக்குச் சம்பளமும் வண்டிக் கூலியும் சேர்ந்து சுமை பெரிது. அப்பொழுதுதான் வட்டிக்காரர் வாசலுக்கு வருகிறார்.

கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கினால் மாத வட்டி 500 ரூபாய். பத்து மாதத்தில் வட்டியே 5,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். மறு ஜூன் மாதம் வரும்பொழுது பழைய கடனோடு புதுக் கடன் சேரும். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினாலோ, பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேரிடும். இவ்வாறு கடன்பட்ட வீட்டில்தான் பன்னிரண்டு வயதுப் பையன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கரைவலை இழுக்கப் போகிறான்.

மாறாக, மீன்பாடு நன்றாயிருக்கும் காலத்தில் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 250 நாள் சங்கத்தில் சேர்த்தால் அதே 5,000 ரூபாய் நம்முடையதாகவே கையில் இருக்கும். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அங்கத்தினர் 1,500 ரூபாய் செலுத்த, மத்திய, மாநில அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ரூபாயாகத் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அத்தொகை வந்தவுடன் அதில் ஒரு பகுதியைப் பிள்ளையின் பெயரால் ஒதுக்கிவைத்தல் வேண்டும். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்நாட்டில் கூட்டுறவு நாணயச் சங்கங்கள் ஏற்பட்டதே, ஏழைத் தொழிலாளியை வட்டிக்காரனிடமிருந்து மீட்பதற்காகத்தான்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

தனிக் குடும்பம் செய்ய இயலாததைச் சங்கம் செய்யக் கூடும். முதலாவதாக, பிப்ரவரி மாதத்திலேயே தங்கள் ஊரில் அவ்வாண்டு ஐந்து வயது நிறையும் குழந்தைகளின் பட்டியலைத் தயாரித்து, ஒருவரும் விடுபடாதபடி பார்க்கலாம். இரண்டாவதாக, “பள்ளிக்கூடச் சேமிப்பு” என்று தனிக் கணக்கு ஏற்படுத்தி, ஏலக்கூடத்திலேயே நாள்தோறும் சிறு தொகை பிடித்து, மே மாதக் கடைசியில் பட்டுவாடா செய்யலாம். மூன்றாவதாக, தடைக்காலத்தில் ஒரு மாலை, தலைமையாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், சுகாதாரச் செவிலி ஆகியோரை அழைத்துப் பெற்றோர் கூட்டம் நடத்தலாம். தகப்பன்மார் வந்து உட்காரக்கூடிய காலம் அது ஒன்றே. நான்காவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டுமென்பது சட்டம். மீனவ மகளிர் சங்கத்தார் அவ்விடங்களை நிரப்பினால், காலை உணவு, கழிப்பிடம், குடிநீர் ஆகியவற்றின் குறைகளைக் கேட்டு வாங்க வழியுண்டு.

முடிவாக ஒன்று. ஜூன் 14-ஆம் நாள் இரவு தடைக்காலம் முடிந்து படகுகள் மறுபடியும் கடலுக்குப் புறப்படும். அதற்குள் வலை சீராகும், இயந்திரம் சீராகும். அவ்விரண்டு மாதத்தில் உறங்கவும் உண்ணவும் தன் காரியம் பார்க்கவும் அஞ்சாதிருக்கவும் பழகிய பிள்ளையும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகிழ்ச்சியோடு புறப்படும். வருகிற ஏப்ரல் 15-ஆம் நாளன்று படகைக் கரையில் கட்டும்பொழுதே ஒவ்வோர் அங்கத்தினரும் இவ்வேலையைத் தொடங்குவாராக.